பத்துக்கு எட்டு

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் எனக்கு வேலை.
பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி.
எந்த முகம் வந்தாலும்
சிவப்பாக்கும் ஸ்லைடரை வலப்பக்கம் ஓர் இழுப்பு.
செத்தவர்கள்கூட
எங்கள் கடைக்கு வந்தபின் நிறம் கூடித்தான் போகிறார்கள்.

திருவிழாக் கமிட்டி சிங்கராயர்
பென்டிரைவில் கொண்டுவந்தார் ராயப்பரை.
எங்கள் ராயபுரத்துக்கே பெயர் கொடுத்தவர் என்பார்கள்.
வலை வீசியவர்.
படத்தில்
தலைகீழாய்ச் சிலுவை ஏறிக்கொண்டிருந்தார்.
"இத்தாலிப் படம்மா, நானூறு வருசம்.
பத்துக்கு எட்டு, மூணு காப்பி.
ரொம்ப இருட்டா கீது, பிரைட் பண்ணிடு.
பின்னால ஆகாசம் வை, ரெண்டு சம்மனசு வை.
அந்தாளு காலை மட்டும் கழுவிடு."

கால்.
சிலுவைக்கு அடியில் புகுந்து
முதுகால் நெம்புகிறவன் கால்.
மஞ்சள் காற்சட்டையின் பின்புறத்தைக்
கூச்சமில்லாமல் நம் பக்கம் காட்டுகிறான்.
முகம் இல்லை அவனுக்கு, பாதம் உண்டு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்களுக்கு இருக்குமே
அந்தக் கறுப்பு.
கழுவ வேண்டுமானால்
வேறெங்கிருந்தோ சுத்தமான தோலை எடுத்து ஒட்டவேண்டும்.
படத்தில் வெளிச்சம் விழுந்த தோல்
கிழவரின் மார்புதான்.
அவர் தோலை எடுத்து
அவரைத் தூக்குகிறவன் பாதத்துக்கா?

ஆகாசம் வைத்துப் பார்த்தேன்.
வைத்ததும்
கிழவருக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது.
அழித்தேன்.

அன்றிரவு செல்போனில் வரைந்தவனைத் தேடினேன்.
சண்டைக்காரன்.
உரிமம் இல்லாத வாள் இடுப்பில்.
எது வெண்ணெயில் வதக்கியது, எது எண்ணெயில் என்று கேட்டதற்குப்
பரிமாறுகிறவன் எடுத்து மோந்து பார்த்தானாம்,
தட்டு அப்படியே அவன் மூஞ்சியில்.
ஒருநாள் ஒருவனைக் கொன்றுவிட்டான்.
ஊர் ஊராய் ஓடினான்,
ஓடின ஊரிலெல்லாம் வரைந்தான்.
மன்னிப்பு கிடைக்குமென்று படகேறித் திரும்பும் வழியில்
காய்ச்சல் கண்டு செத்தான், முப்பத்தெட்டில்.

எங்கள் தெருவிலும் உண்டு இப்படி ஓர் ஆள்.
ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு
நேராக டீக்கடைக்கு வருவான்.
பெண் கொடுக்க மாட்டோம்.
கொடிமரம் நட மட்டும் கூப்பிடுவோம்.

மேதை என்று சொல்லி
இவனுக்கும் ஸ்லைடரை இழுத்துவிடலாம், தெரியும்.
இழுக்கவில்லை.
குத்துப்பட்டவனுக்கும் வீட்டில்
யாராவது சோறு வைத்திருப்பார்கள்.
ஆனால் அந்தப் பாதத்தைப் பார்த்தவன்
முழங்கால் போட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும்.
நின்றபடி பார்த்தால் தெரியாது அது.

அச்சு ஓடியது.
இருட்டு வர நாலு மையும் சேரவேண்டும்.
முதலாளி வந்து நின்றார்.
"இது பேனரா, அமாவாசையா?"

கட்டுகிற ராத்திரி நானும் போயிருந்தேன்.
முபாரக்கும் இரண்டு பையன்களும்.
சவுக்குக் கழியில் சட்டம்.
மேலே ஒருவன் கயிறு இழுக்க
ஒருவன் ஓரத்தைக் கட்டிப்பிடிக்க
முபாரக் அடியில் புகுந்து முதுகைக் கொடுத்தான்.
ஒரே ஒரு தெருவிளக்கு.
நிமிர்த்தி முடித்தபிறகுதான் தெரிந்தது,
தலைகீழாய்க் கட்டியிருக்கிறோம்.

ராயப்பர் எழுந்துகொண்டிருந்தார்.
வெள்ளைத் தாடியோடு,
விடியலில் கடலுக்குப் போக
பாயிலிருந்து ஒருக்களித்து எழுகிறவர் போல.
அவரைத் தூக்க வந்த மூவரும்
இருட்டிலிருந்து தொங்கினார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஆட்டோக்காரர் ஒருவர் டீயைக் கையில் வைத்தபடியே சொன்னார்,
"இப்படியே உட்டுடுங்கப்பா."

சிங்கராயர் ஓடிவந்தார்.
இறக்கினோம், திருப்பினோம், மறுபடி ஏற்றினோம்.
அவர் டார்ச் அடித்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.
"காலைக் கழுவலியா?"
"கழுவுனேன் சார். போவல."

வெளிச்சம் கீழே இறங்கியது.
அங்கே முபாரக்
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.